திருவான்மியூர் மணலில் எனக்கும் ஒரு கூறு

"திருவான்மியூரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு மூன்று பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தார்கள். மூவரும் வக்கீல்கள், என் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள். ஒரு கோயில், கொஞ்சம் தாழம்புதர், மீன் நாற்றம், அவ்வளவுதான், குடும்ப ஸ்திரீகள் போகிற இடமே இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். மூவரில் ஒருவர்கூட அங்கே போனதில்லை. அவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்தவள் நான்தான். டம்ளரைக் கீழே வைக்கும்போதே போவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

யுவ வருஷம் மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, நானும் என் நாத்தனார் அலமுவும் மயிலாப்பூரிலிருந்து கிளம்பி, சாயங்காலத்துக்குள் திரும்பிவிட்டோம். எப்படிப் போவது, எதைப் பார்ப்பது, என்ன செலவாகும் என்பதெல்லாம் இதில் வரும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்க் குப்பத்தார் வலை இழுக்கிற கரை அவர்கள் கையைவிட்டுப் போகிற நிலையில் இருக்கிறது. கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான். அது வேண்டாம் என்பவர்கள் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் நிறுத்திக்கொள்ளவில்லை.

போகிற வழி இரண்டு. பஸ்ஸில் அடையாறு வரை போகலாம், தலைக்கு ஒன்றரை அணா. அதற்கப்புறம் இரண்டரை மைல் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கிடைக்கிற மாட்டு வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். இன்னொரு வழி, மயிலாப்பூர்க் குளத்தங்கரையிலேயே ஜட்கா பேசிக்கொள்வது. நாங்கள் காசிம் பாய் வண்டியைப் பேசினோம். போக வர, அங்கே காத்திருக்க, எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் ரூபாய். நாலரை மைல்தான், இருந்தாலும் அடையாற்றுக்குத் தெற்கே பாதையில் மணல் ஏறிக் கிடக்கிறது. ஐந்தரை மணிக்கு ஏறியவர்கள் ஆறு ஐம்பதுக்குத்தான் இறங்கினோம்.

காசிம் பாய்க்கும் எங்கள் பயணம் பிடிக்கவில்லை. "அங்க இன்னாம்மா கீது? மணலு கீது, பாம்பு கீது. கடலு பாக்கணும்னா மெரினா கீதே, பத்து நிமிசத்துல உட்டுட மாட்டேன்?" என்றார்.

"மெரினாவில தெரிஞ்சவாளா இருக்கா பாய். கால் நனைச்சா நாளைக்கு ஊரெல்லாம் சேதி" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டுக் குதிரையைத் தட்டினார். அப்புறம் வழிநெடுகப் பாம்புக் கதைதான். அலமு கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். காலேஜில் விலங்கு சாஸ்திரம் படிக்கிறவள்!

அடையாற்றுப் பாலத்தில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். முகத்துவாரத்தின் பக்கம் விடிகிற வெளிச்சத்தில் கொக்கும் நாரையும் கூட்டமாக நிற்கும். பாலம் தாண்டினால் பெரிய தோட்டங்கள், பிறகு சவுக்கு, பிறகு பனை. வீடுகள் குறைந்துகொண்டே போய், பட்டணம் எங்கே முடிந்தது என்று தெரியாமலே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து செங்கற்பட்டு ஜில்லா.

ஊர் சின்னது. கோயிலைச் சுற்றி நாலு தெரு, ஒரு பெரிய குளம், இரண்டு மளிகைக் கடை, ஒரு பள்ளிக்கூடம். மேற்கே அரை மைலில் உப்புக் கால்வாய். விறகும் சுண்ணாம்பும் ஏற்றிய படகுகள் அதில் போய்க்கொண்டே இருக்கும். ஊருக்குக் கிழக்கே ஐந்து பர்லாங்கில் கடல், அதன் கரையில் குப்பம். வால்மீகி முனிவர் வந்து தவமிருந்ததால் இந்தப் பெயர் என்கிறார்கள். சாலையோரத்தில் அவருக்கென்று ஒரு சின்னச் சந்நிதி இருக்கிறது, தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

கோயிலில் சுவாமி மருந்தீசர். அகத்தியருக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தவர். சந்நிதி மேற்கே பார்த்து இருக்கிறது, இது அபூர்வம். பிராகாரச் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டு நிறைய. அலமு விரலால் தடவித் தடவி நாலு எழுத்தைக் கண்டுபிடித்து, ஏதோ ராஜ்யத்தையே பிடித்துவிட்டவள் போல் குதித்தாள். வன்னி மரத்தடியில் காற்று அப்படி வரும். விபூதிப் பிரசாதத்தைத் தீராத வயிற்று வலிக்கு வாங்கிப் போகிறவர்களை நானே பார்த்தேன். அர்ச்சனைக்கு இரண்டணா. ஏழரை மணிக்குள் போய்விட்டால் கூட்டமே கிடையாது, குருக்கள் நிதானமாகத் தீபாராதனை காட்டுவார்.

கோயிலுக்குத் தெற்கே பனந்தோப்பில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பனையோலை மட்டையில் ஊற்றித் தருவார்கள், மட்டை ஒன்று காலணா. நான் இரண்டு குடித்தேன், அலமு மூன்று. தோப்பைத் தாண்டிச் சவுக்கு நிழலில் ஜமுக்காளத்தை விரித்தால் மத்தியானம் வரை எழுந்திருக்க மனசு வராது. சவுக்குக்குள் காற்று இரைகிற சத்தம் ஒன்று போதும், தம்படி செலவில்லாமல் கேட்கலாம். கூடத்தில் சிரித்த மூன்று பேரை நான் அங்கே நினைத்துக்கொண்டேன். பாவம், காபிதான் கண்டார்கள்.

ஒன்பது மணிக்குக் கடற்கரைக்கு வந்தோம். எங்கள் யோசனை, கால் நனைப்பது, தைரியம் வந்தால் முழுகுவது. கரையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பங்களா. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மதில். அந்த மதிலிலிருந்து இரண்டு பக்கமும் முள்வேலி நீண்டு, அலை வந்து தொடுகிற இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் வரைக்கும் வந்திருந்தது. வேலிக்கு நடுவே ஒரு பலகையில் அன்னியர் பிரவேசிக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. வேலி போட்டவர்கள் கடலுக்கும் ஒரு பலகை நட்டிருக்கலாம்.

அந்த வேலிக்குள்ளேயே இருபது பெண்பிள்ளைகள் ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நூறு கஜம் தள்ளி இன்னொரு கயிறு, அங்கே இன்னொரு கூட்டம். ஒரு பக்கத்து முள்ளைப் பிடுங்கி வழி பண்ணியிருந்தார்கள். கயிறு இரண்டும் கடலுக்குள் போய் மறைந்தன. விடியற்காலையில் படகில் போய் வலையை அரை வட்டமாக விட்டுவிட்டு வருவார்கள், பிறகு கரையிலிருந்து இரண்டு கயிற்றையும் இழுத்து மீனோடு சேர்த்து வலையைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கரைவலை என்று பெயர்.

முன்னால் நின்று இழுத்தவள் கன்னியம்மா. நாற்பது வயசிருக்கும். புடவையை வரிந்து கட்டி, கயிற்றை இடுப்புக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வந்தாள். எங்களைப் பார்த்ததும் நிற்காமலே கேட்டாள்: "இன்னாம்மா வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க? கை போடுங்க. ஆளு இல்ல."

"ஆம்பிளைகள் எங்கே?" என்று கேட்டேன்.

"வலைய உட்டுட்டு அல்லாரும் சைதாப்பேட்ட தாலுக்கா கச்சேரிக்கு மனு குடுக்கப் போய்க்கினாங்க. இந்த மண்ணு யாரும் வலை இழுக்காத சும்மா கெடக்குதுன்னு பங்களாக்காரரு எழுதிக் குடுத்துட்டாரு. சும்மா கெடந்தா அவரு பேருக்கே ஆக்கிடுவாங்களாம். தெற்கால போய் இழுங்கன்றாங்க. தெற்கால அடியில கல்லு, ஒரு தபா இழுத்தா வலை கிழிஞ்சிரும். ரெண்டு தபா கிழிஞ்சா குப்பம் பட்டினி."

"தினமும் இழுக்கிறோம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னோம். மீன்காரன் மீன்காரனுக்குத்தான் சாட்சி சொல்வான்னுட்டாங்க. அடுத்த மாசம் ஆபீசரு நேர்ல வந்து விசாரிப்பாராம். வெளி ஆளு யாராவது பாத்தவங்க கீறாங்களான்னு கேப்பாராம். இங்க யாரு வராங்க? நீங்க வந்துகீறீங்க, நின்னுக்கினு கீறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அலமு என்னைப் பார்த்தாள். "மன்னி, பிடிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் பிடித்துவிட்டாள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கன்னியம்மாவுக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

ஒரு மணி நேரம் இழுத்தோம். எழுத்தில் இது எளிது! ஈரக் கயிறு உள்ளங்கையை உரித்துவிட்டது. ஏலேலோ என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் ஐலசா என்று சொல்லி ஒன்றாகப் பின்னால் சாய வேண்டும். நான் ஒரு தாளம் தப்பியே சாய்ந்தேன். "மயிலாப்பூர் யம்மாவுக்குக் காத்திருக்கணுமாடி?" என்று யாரோ கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரண்டு கூட்டமும் கிட்டக் கிட்ட வந்தது. கடைசியில் வலையின் பை அலையில் புரண்டு வெள்ளையாக வந்து விழுந்தபோது நான் போட்ட கூச்சலை வீட்டில் கேட்டிருந்தால் வாயில் துணியை அடைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படிக் கத்தியதில்லை. என்ன சுகம் தெரியுமா அது!

இத்தனை நேரமும் பங்களா வாசலில் நாற்காலி போட்டுக் குடைபிடித்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். பங்களாவின் காரியஸ்தர். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். இப்போது எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

கன்னியம்மா மீனைக் கூறு போட ஆரம்பித்தாள். வலைக்கு ஒரு கூறு, படகுக்கு ஒரு கூறு, பிறகு கயிறு பிடித்த கை ஒவ்வொன்றுக்கும் ஒரு கூறு. யாராயிருந்தாலும், வழிப்போக்கராயிருந்தாலும், கயிற்றில் கை வைத்தவருக்குக் கூறு உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பெயருக்கு உரியவர் வந்து கை நீட்டி வாங்கிக்கொள்வார். எல்லாப் பெயரும் ஆனபின், "மயிலாப்பூர் யம்மா, ஒரு கூறு! மயிலாப்பூர் பொண்ணு, ஒரு கூறு!" என்று கத்தினாள். வாழைச் சருகில் நெத்திலியும் காரப்பொடி மீனும் குவிந்திருந்தன, சிலது இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

நான் இரண்டடி பின்னால் போனேன். "ஐயையோ, எனக்கு வேண்டாம்மா. நாங்க இதெல்லாம் தொடறதே இல்லை" என்றேன். மயிலாப்பூரில் பிறந்தவள் வேறு என்ன சொல்வாள்? பிரியமாகத்தான் சொன்னேன், கையைக்கூடக் கூப்பினேன்.

கன்னியம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. காரியஸ்தர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். எழுதிக்கொண்டே என்னைப் பார்த்து, "நல்ல காரியம் பண்ணினீங்கம்மா. நீங்க நம்ம ஐயாவோட ஜூனியர் வக்கீல் வீட்டம்மாதானே? கேஸ் கட்டு கொடுக்க வந்தப்ப வீட்டுல பாத்திருக்கேன்" என்றார்.

ஐயா என்றால் என் வீட்டுக்காரரின் சீனியர். பங்களா அவருடையது. அது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எதை நல்ல காரியம் என்கிறார் என்றும் புரியவில்லை.

கன்னியம்மாதான் சொன்னாள். "கூறு வாணான்னு சொன்னா, இந்த வலையில நான் இல்லன்னு அர்த்தம்மா. சண்டைக்காரங்கதான் அப்படிச் சொல்வாங்க. நாளைக்கு ஆபீசரு கேட்டா, அந்தம்மாவே இல்லன்னுடுச்சேன்னு இவரு சொல்லுவாரு. எழுதிக்கினாரு பாருங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு மணி நேரம் உள்ளங்கை உரிய இழுத்துவிட்டு, ஒரு வார்த்தையில் அவர்கள் வாயில் மண்ணைப் போட்டிருக்கிறேன்! கோபம் வந்தது, முதலில் என் மேல், பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தின் மேல்.

"இப்போ வாங்கிக்கலாமா? காலம் கடந்துடுத்தா?" என்று கேட்டேன்.

"கூறு கீழ கெடக்கிற வரைக்கும் கடக்காது" என்றாள்.

இரண்டு கையையும் நீட்டினேன். அவள் சருகோடு தூக்கி வைத்தாள். ஜில்லென்றிருந்தது. ஒன்று துள்ளி என் மணிக்கட்டில் விழுந்தது, உடம்பு முழுக்கச் சிலிர்த்தது, ஆனால் கையை எடுக்கவில்லை. அலமுவும் வந்து வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அதில் சிரமமே இல்லை, எது என்ன மீன் என்று கன்னியம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரியஸ்தர் பதறிவிட்டார். "அம்மா, யோசிச்சுச் செய்யுங்க. ஐயா காதுக்குப் போனா உங்க வீட்டுக்காரருக்குத்தான் நல்லதில்ல" என்றார்.

"போகட்டும். போகாட்டா நானே சொல்றேன். முதல்ல நோட்டுல எழுதினதை அடிச்சுட்டு இதை எழுதுங்கோ. கோமளம், மயிலாப்பூர், வேலிக்குள்ள இருக்கிற மணல்ல நின்னு வலை இழுத்தா, கூறும் வாங்கிண்டா. அலமேலுன்னு கீழே இன்னொரு பேர் போடுங்கோ. எழுத வராட்டா நோட்டைக் கொடுங்கோ, நான் எழுதறேன்."

அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். "யம்மாடி! இன்னா வாயி!" என்றாள் கன்னியம்மா. அத்தனை பேரும் சிரித்தார்கள்.

வாங்கின மீனை என்ன செய்வது என்று அவளையே கேட்டேன். "வாங்கினப்பறம் அது உன்னுது. யாருக்குனா குடு, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றாள். இரண்டு கூறும் காசிம் பாய் வண்டியில் ஏறின. அவர் நம்பவே இல்லை. "மைலாப்பூர் அய்யரம்மா கையால மீனா! ஊட்ல சொன்னா பீவி சிரிப்பாம்மா!" என்று வழிநெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பாம்பை மறந்துவிட்டார். நாங்கள் கிளம்புவதற்கு முன், ஆடை நனைய, தலை நனைய, நன்றாகக் கடலில் முழுகினோம். வேலிக்குள்ளேதான்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, பயந்தவர். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "நீ எதையாவது எழுதினா என் பேரைப் போடாதே" என்றார்.

"உங்க பேரைப் போடலை. என் பேரைப் போடறேன்" என்றேன்.

சீனியர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. பத்து நாளாகக் கேஸ் கட்டு எதுவும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இந்தக் கட்டுரை வரக் கூடாது என்று முந்தாநாள் ஆள்கூட வந்து சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். கட்டுரையைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். எழுதி முடித்ததும் கொடு, நானே தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன் என்று மட்டும் என் வீட்டுக்காரர் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் நான் கேட்கவில்லை, அவருக்கு அதுவே பெரிய காரியம்.

இனிப் போக நினைக்கிறவர்களுக்கு. குடிக்கிற தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், கடற்கரைக் கிணறு உவர்ப்பு. கட்டுச் சாதம் போதும், ஓட்டல் கிடையாது. செருப்பு அவசியம், பத்து மணிக்கு மேல் மணல் சுடும். கூட ஒரு மாற்றுப் புடவை எடுத்துக்கொள்ளுங்கள், முழுகாமல் திரும்ப உங்களால் முடியாது. பாம்பு ஒன்றுகூடத் தென்படவில்லை. குடும்ப ஸ்திரீகள் தாராளமாகப் போகலாம், நான் போனேன், பத்திரமாக இருக்கிறேன்.

பங்குனி முடிகிற வரைக்கும் கடல் அடங்கியிருக்கும், தினமும் எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை அங்கே வலை இழுப்பார்கள். விசாரணைக்கு ஆபீசர் பங்குனியில் வருகிறார். நான் போய்ச் சொல்லப் போகிறேன். ஆனால் நான் ஒருத்திதான். ஒருத்தி சொன்னால் ஏதோ வாய்த்துடுக்குக்காரி என்று தள்ளிவிடுவார்கள். ஐம்பது பேர் சொன்னால் தள்ள முடியாது. அதனால் கோயில் பார்த்துவிட்டு, பதநீர் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கரைக்கு வந்துவிடுங்கள். வெள்ளை மதிலைப் பார்த்து நடந்தால் இடம் தவறாது, முள்ளைப் பிடுங்கிய வழி ஒன்று இருக்கிறது, பலகையைப் படிக்க நிற்க வேண்டாம். கயிற்றைப் பிடியுங்கள். உங்கள் பெயரையும் தெருவையும் குடை பிடித்தவர் காதில் விழுகிறாற்போல் உரக்கச் சொல்லுங்கள். கூறு போட்டுக் கூப்பிடும்போது நீங்கள் எந்த ஜாதியானாலும், எந்த ஆசாரமானாலும், மீன் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.